கடைசி வரிசையில் தலைகீழாக ஒருத்தி

அத்தியாயம் 7

செத்துப்போனவள் அச்சடித்த துணியைக் காட்ட முடியாது என்று குமுளிக் கடைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார்.

வேல்விழி வற்புறுத்தவில்லை. கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தேக்கடிக்குப் போகும் பேருந்தில் ஏறுகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியகுளம் கோர்ட்டில் மூன்று வருடம் ஜூனியராக இருந்தபோது அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். கேள்வி கேட்டால் மனிதர்கள் பதிலைத் தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்தால், உள்ளே கிடப்பது தாங்க மாட்டாமல் தானாக வெளியே வருகிறது.

அவளுடைய தாய்மாமன் அம்மாவாசிக்கு மௌனம் என்றால் ஒவ்வாமை. கூடலூருக்கும் குமுளிக்கும் இடையே இருபது வருடம் ஜீப் ஓட்டிய வாய். லைசென்ஸைப் பிடுங்கி வைத்த காலத்தில் மருமகளின் துப்பறியும் நிலையத்தில் ஒண்டியவர், லைசென்ஸ் திரும்ப வந்த பிறகும் போகவில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னால் ஏதும் காதல் உண்டா என்று தேனி வட்டாரக் கல்யாணங்களை விசாரிப்பதுதான் அந்த நிலையத்தின் பிழைப்பு. கொலை வழக்கு இதுதான் முதல் தடவை.

அது நடந்து இருபத்தெட்டு நாளாகிறது.

கோம்பையில் பதினோரு பெண்கள் சேர்ந்து நடத்தும் அச்சுக்கூடம் ஒன்று இருக்கிறது. பந்தல் என்று பெயர். கண்ணெதிரே இருப்பதை வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் துணியில் அடிப்பார்கள். திராட்சைக் குலை, ஏலக்காய், ஆள் தொங்கிக்கொண்டு போகும் ஜீப், வீரபாண்டித் தீச்சட்டி, கோம்பை நாய். அவர்களில் கை தேர்ந்தவள் நாகஜோதி. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே பஸ் ஏறிப் போன வெள்ளிக்கிழமை, சென்னை ஆர்டரை முடிக்கக் கூடத்தில் அவள் மட்டும் தங்கினாள். மறுநாள் காலை, அச்சுக்கூடத்தை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாள்.

அவளுடைய புருஷன் கருத்தக்கண்ணன் மலை மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. சனிக்கிழமை இறங்க வேண்டியவன், திருவிழாவுக்காக ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிட்டான். ஐந்தே முக்காலுக்கு ஜீப் அவனைக் கோம்பையில் இறக்கியது. பொண்டாட்டியைத் தேடித் தோட்டத்துப் பக்கம் போனான். ஆறே காலுக்குக் கூடத்தைப் பூட்ட வந்த தலைவி மலையம்மாள், மேசையில் கிடந்த துணியின் கடைசி வரிசைகள் ஈரமாக இருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆக, ஆறு மணி வரைக்கும் நாகஜோதி உயிரோடு அச்சடித்திருக்கிறாள். ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போனவன் அவன் ஒருவன்தான். போன வாரம்தான் இருவருக்கும் தெரு கேட்கச் சண்டை. கதை முடிந்தது. இப்போது அவன் மதுரைச் சிறையில் இருக்கிறான். திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகிறது.

அவனுடைய தாய் ஜக்கம்மா எட்டு நாளைக்கு முன்னால் தேனிக்கு வந்து, உரக்கடை மாடியில் இருக்கும் வேல்விழியின் அறையில், மின்விசிறிக்கு நேரே முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்போது சொன்னது இரண்டே வார்த்தை. தன் மகன் கொல்லவில்லை. மருமகள் கடைசியாக அடித்த துணி எங்கே போயிற்று என்று தேடச் சொன்னாள்.

கடை கடையாக விசாரித்ததில், அந்தத் துணி சென்னைக்குப் போகாமல் இந்த ஆறுக்குப் பத்துக் கடைக்கு வந்திருந்தது.

"அது மரிச்ச பெண்ணோட துணியாணு மோளே," என்றார் கடைக்காரர் கடைசியில், தன் பாட்டுக்கு. "விக்கான் பாடில்ல."

விற்கக் கூடாது என்று யார் சொன்னது என வேல்விழி கேட்கவில்லை. திரும்பி அவரைப் பார்க்க மட்டும் செய்தாள். அவர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் தமிழ்நாட்டு அம்மா ஒருத்தி வந்தாளாம். துணியை விரித்துப் போடச் சொல்லித் தலை முதல் வால் வரை பார்த்தாளாம். வால் பக்கம் வந்ததும் ரொம்ப நேரம் குனிந்தே நின்றாளாம். பிறகு தானே மடித்துக் கொடுத்து, இது செத்தவள் கைப்பட்டது, இதை யாருக்காவது விற்றால் வாங்கினவன் வீடும் விளங்காது, விற்றவன் வீடும் விளங்காது என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்று முதல் அது அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. ஆள் எப்படி என்று அம்மாவாசி கேட்டார். வயசான எல்லா அம்மாவும் போலத்தான், ஆனால் கை நகம் பத்தும் நீலம் என்றார் கடைக்காரர்.

"கிருஷ்ண பரமாத்மா சேலை கட்டிக்கிட்டு வந்திருப்பாரு போல," என்றார் அம்மாவாசி.

வேல்விழிக்குச் சாயம் நினைவுக்கு வந்தது. அச்சுக்கூடத்துப் பெண் எவளோ ஒருத்தி இங்கே வரை வந்து இந்தத் துணியை மறைக்கப் பார்த்திருக்கிறாள். மறைக்கப் பார்த்தாள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது.

துணியை நாங்கள் கொண்டுபோகிறோம், தோஷம் இருந்தால் எங்களோடு வந்துவிடும் என்று அம்மாவாசி ஆசை காட்டினார். "பேய் ஏறுனா நல்லதுதானய்யா. எறக்கத்துல ஜீப்பு காலியாத்தான் போகுது."

கடைக்காரர் அரிசி மூட்டையை நகர்த்தினார்.

லோயர் கேம்ப் தாண்டியதும் புளிய மர நிழல் ஒன்றில் ஜீப்பை ஓரங்கட்டி, துணியை ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். ஐந்தரை மீட்டர் சேலைத் துணி. வெளிர் மஞ்சள் தரையில் செங்காவிச் சாயம். முப்பத்து நாலு வரிசை, வரிசைக்கு எட்டு உருவம். ஒரே உருவம்தான். மூடிய கதவுக்கு முன்னால் ட்ரங்குப் பெட்டியோடு ஒருத்தி நிற்கிறாள். காலடியில் ஒரு நாய் அவளைப் பார்த்துக் குரைக்கிறது. நாலு கோட்டில் அந்தப் பெண்ணின் தோள் தொங்கியிருந்ததைச் செதுக்கியிருந்த விதத்தை வேல்விழி குனிந்து பார்த்தாள். அருமையான கை. கல் மனசும்கூட என்று ஏனோ தோன்றியது.

"இது கோம்பை நாயே இல்ல மருமகளே," என்றார் அம்மாவாசி. "அது கொரைக்காது. நேரா கடிச்சுத்தான் பேசும்."

முதல் வரிசையில் மூன்றாவது பெண் தலைகீழாக இருந்தாள். அது வேல்விழி எதிர்பார்த்ததுதான். நாலு நாளைக்கு முன்னால் கூடத்துக்குப் போனபோது மலையம்மாள் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். குற்றமே இல்லாத துணி கண்ணேறு படும் என்று இவர்கள் ஒவ்வொரு துணியிலும் வேண்டுமென்றே ஓர் உருவத்தைத் தலைகீழாக அடிப்பார்கள். திருஷ்டி என்று பெயர். ஒரு துணியை ஒருத்திதான் தொடங்குவாள், அவளேதான் முடிப்பாள், கை மாறக் கூடாது. ஒவ்வொருத்திக்கும் துணியில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில்தான் அவள் திருஷ்டி வைப்பாள். வெளியே யாருக்கும் தெரியாத கையெழுத்து அது. நாகஜோதியின் இடம் முதல் வரிசை, மூன்றாவது.

வால் முனையைப் பிடித்துக்கொண்டு சலித்துப்போய் நின்ற அம்மாவாசி, கால் மாற்றி நிற்கும்போது குனிந்து பார்த்தார்.

"மருமகளே, இங்கனயும் ஒருத்தி தலகீழா நிக்கிறா."

கடைசி வரிசை. வலது ஓரத்திலிருந்து இரண்டாவது.

வேல்விழி துணியைத் தரையில் போட்டுவிட்டு அங்கே வந்தாள். உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. ஒரு முகத்துக்கு ரெண்டு திருஷ்டிப் பொட்டு வைத்தால் திருஷ்டி கழியாது, தேமல் என்றுதான் நினைப்பார்கள் என்று அம்மாவாசி சொன்னது அவள் காதில் விழவில்லை. ஒரு துணிக்கு ஒரு கை, ஒரு கைக்கு ஒரு திருஷ்டி. இரண்டு திருஷ்டி இருந்தால் இரண்டு கை.

கை எங்கே மாறியது என்று அவள் கீழிருந்து மேலாகத் தேடினாள். கடைசி ஆறு வரிசையில் பெட்டியும் நாயும் அழுத்தமாக விழுந்திருந்தன. பெண்ணின் முகம் மட்டும் மங்கல். ஒன்றிரண்டில் அல்ல, நாற்பத்தெட்டிலும். அச்சுக்கட்டையை வைத்த பிறகு மேலே முஷ்டியால் குத்துவார்கள். இந்த ஆறு வரிசையை அடித்தவள் பெட்டிப் பக்கம் குத்தியிருக்கிறாள். முகத்தின் பக்கம் ஒரு தடவைகூடக் குத்தவில்லை.

"மாமா, ஒரு வரிசை அடிக்க எவ்வளவு நேரமாகும்னு அந்தம்மா சொன்னாங்க?"

"பத்து நிமிசம். அதுக்குள்ள நான் ரெண்டு டீ குடிச்சேன்."

ஆறு வரிசை, ஒரு மணி நேரம். ஆறு மணிக்கு ஈரமாக இருந்ததை ஐந்து மணிக்கே வேறொருத்தி தொடங்கிவிட்டாள். நாகஜோதி ஐந்து மணிக்கு முன்பே மேசையை விட்டுப் போய்விட்டாள், தன் துணியை அடுத்தவள் கைக்கு விடமாட்டாதவள். அந்த நேரம் கருத்தக்கண்ணன் பதினாலு பேரோடு ஜீப்பில் மலையிறங்கிக்கொண்டிருந்தான். பதினாலு சாட்சி.

கம்பம் தாண்டி உத்தமபாளையம் வரும் வரை அவள் மடியில் கிடந்த துணியையே புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவாசிதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவு சூட்சுமமாக யோசித்து இன்னொருத்தி போல அச்சடித்தவள், கடைசியில் போய் ஏன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனாள்?

"பயத்துல," என்றாள் வேல்விழி. "ஒரு உயிரை எடுத்த கையால அடிச்ச துணி. அதுக்குத் திருஷ்டி வைக்காம எப்படி மேசையை விட்டு நகருவா? மத்த நாள்ல மறந்தாலும் மறப்பா, அன்னைக்கு மறக்க மாட்டா."

கோம்பை அச்சுக்கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டையில் முஷ்டி விழும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வேல்விழி யாரிடமும் எதுவும் சொல்லாமல் நடு மேசையில் துணியைப் பரப்பினாள். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஒன்பது பெண்களும் சுற்றி வந்து நின்றார்கள்.

முதல் வரிசையை ஒருத்தியும் பார்க்கவில்லை. ஒன்பது ஜோடிக் கண்களும் நேராகக் கடைசி வரிசைக்குப் போயின, வலது ஓரத்திலிருந்து இரண்டாவதுக்கு.

தேடிக் கண்டுபிடித்தது போல் அல்ல அந்தப் பார்வை. ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்ட இடத்தை மறுபடியும் பார்ப்பது போல் இருந்தது. இவர்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்.

மலையம்மாள் மற்றவர்களை வெளியே போகச் சொன்னாள். ஐம்பது வயதிருக்கும். முன்பு பால்வாடியில் வேலை பார்த்தவள், குழந்தைகளை அதட்டிப் பழகிய குரல். அந்தக் குரல் இப்போது இல்லை. அது யாருடைய இடம் என்று வேல்விழி கேட்டாள். மலையம்மாள் அந்தத் தலைகீழ் உருவத்தை உள்ளங்கையால் மூடினாள்.

முனீஸ்வரி.

ஜக்கம்மாவின் மகள். சிறையில் இருப்பவனின் கூடப் பிறந்த தங்கை. அன்று மூன்று மணி பஸ்ஸில் வீரபாண்டிக்குப் போனதாகவும், இரவு எட்டு மணிக்குத் தீச்சட்டி எடுத்ததாகவும் எல்லோரும் சாட்சி சொன்ன பெண். பஸ்ஸில் அவள் இருந்ததை நிஜமாகப் பார்த்தவர் யார் என்று வேல்விழி கேட்டாள். திருவிழாக் கூட்டத்தில் யார் தலையை யார் எண்ணினார்கள் என்றாள் மலையம்மாள்.

அப்படியென்றால் அந்த ஈரம் முனீஸ்வரி தனக்காகப் போட்ட வேலி. ஆறு மணிக்கு நாகஜோதி உயிரோடு இருந்தாள் என்று ஆகிவிட்டால், வீரபாண்டியில் இருப்பவள் மேல் சந்தேகம் வராது. அண்ணன் ஒரு நாள் முன்னதாக இறங்கி வந்து அந்த வேலிக்குள் மாட்டுவான் என்று அவளுக்குத் தெரியாது.

"நாங்க யாரும் பொய் சொல்லலயே தாயி," என்றாள் மலையம்மாள். "ஈரமா இருந்துச்சான்னு கேட்டாக. ஈரமாத்தான் இருந்துச்சு. யாரு ஈரம்னு யாரும் கேக்கல."

வேல்விழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையம்மாள் மீதியையும் சொன்னாள். துணியைச் சென்னைக்கு அனுப்பினால் அங்கே பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், குமுளியில் எவன் பார்க்கப்போகிறான் என்று அங்கே தள்ளிவிட்டாள். எரிக்க மனசு வரவில்லை, நல்ல துணி. கொலைகாரி இருக்கும் குழு என்று பெயர் விழுந்தால் அந்த ஆர்டரோடு பந்தலும் போய்விடும். முந்நூறு மீட்டர். எல்லாம் இந்த ஒரே உருவம். சென்னைக்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அந்த உருவம் யார் என்று அப்போதுதான் வேல்விழி கேட்டாள்.

மலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் போடியில் புருஷன் வீட்டில் அடித்து விரட்டிவிட்டார்கள் என்று முனீஸ்வரி பெட்டியோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். பகல் பன்னிரண்டு மணி. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் நின்றாள். வீட்டு நாய் அவளை மறந்துபோய்க் குரைத்துக்கொண்டே இருந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. உள்ளே இருந்த மதினி, நாகஜோதி, கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்ததைத்தான் போன வருடம் வரைந்து கொண்டுவந்தாள்.

"எல்லாரும் பாத்தோம். எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சுச்சு. நல்லாருக்குன்னு சொன்னோம்." மலையம்மாள் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "அந்தப் பிள்ளையும் எங்களோட ஒக்காந்து அதைத்தான் அடிச்சா. ஒரு நாளைக்கு இருநூறு தடவ. ஒண்ணும் சொல்லல. நாங்களும் கேக்கல."

அம்மாவாசி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கிளம்பும்போது வேல்விழி ஒன்றைச் சரிபார்க்க நினைத்தாள். நகத்தில் நீலத்தோடு குமுளிக்குப் போனது இவர்களில் யார்? மலையம்மாளுக்குப் புரியவில்லை. நாங்கள் நீலம் வாங்குவதே இல்லை என்றாள். சிவப்பு, கறுப்பு, காவி, அவ்வளவுதான். அவள் கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் காவி.

கூடத்தின் பின்வாசலைத் திறந்தால் முள்வேலி. வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி. அந்தப் பக்கம் அச்சுக்கட்டைகளைக் கழுவும் தொட்டி, தொட்டியை ஒட்டிக் கிணறு, அதற்கப்பால் ஜக்கம்மாவின் திராட்சைத் தோட்டம். தலைக்கு மேலே கொடிப்பந்தல் பச்சையாகப் பரந்து கிடந்தது. அதன் அடியில் பெரிய டிரம் ஒன்றில் ஜக்கம்மா மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். திராட்சைக்கு அடிக்கும் மயில்துத்தம். கையையே உள்ளே விட்டுக் கலக்கினாள். முழங்கை வரை நீலம். நகம் பத்தும் நீலம்.

வேல்விழி நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். துணியை மறைக்கப் போகவில்லை இவள். விற்றுப்போகாமல் காப்பாற்றி வைக்கப் போயிருக்கிறாள். தன்னிடம் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே.

ஜக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். வேல்விழியின் கையில் மடித்திருந்த துணியைப் பார்த்தாள்.

"துணி சொல்லிருச்சா?"

வேல்விழி தலையை மட்டும் அசைத்தாள்.

"வீட்டுல விரிக்கிற போர்வை பூராம் எம் மக அடிச்சு வீணாப்போனதுதான்," என்றாள் ஜக்கம்மா. "அந்த எடந்தான் அவ எடம்னு எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்து சொன்னா, பெத்தவளே மகளக் காட்டிக் கொடுத்துட்டான்னு காலத்துக்கும் பேசுவாக. நீங்க கண்டுபிடிச்சாச் சட்டம் கண்டுபிடிச்சதா ஆயிரும். என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக." கையை டிரம்மின் விளிம்பில் தட்டி உதறினாள். "எம் மகன் எப்ப வருவான் தாயி? திங்கக்கெழமைக்குள்ள விட்டுருவாகளா?"

பந்தலின் அடுத்த வரிசையில் கொடி அசைந்தது. கையில் கட்டுக்கயிற்றோடு முனீஸ்வரி அங்கே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முப்பதுக்குள்தான் இருக்கும். துணியில் பார்த்த அதே தோள்.

அவள் ஓடவில்லை, அழவில்லை. அருகே வந்து துணியை வாங்கி, கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முகம் ஏன் மங்கலாக விழுந்திருக்கிறது என்று வேல்விழி கேட்டாள்.

"மத்த நாள்ல அவ பாத்துக்கிட்டே நிப்பா, ஓங்கிக் குத்து, மூஞ்சி விழணும்னு. அன்னைக்கி யாரும் இல்ல," என்றாள் முனீஸ்வரி. "என்னைய நானே எதுக்கு அடிக்கணும்?"

மற்றதையும் அவள் ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொன்னாள். தீச்சட்டிக்குக் கட்டும் மஞ்சள் துணியை மறந்துவிட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்தாள். நாலு மணிக்கு மேலிருக்கும். மதினி தொட்டியில் கட்டை கழுவிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். சென்னைக்காரர்கள் இதே கதையில் அடுத்த படம் கேட்கிறார்கள் என்றாள். கதவு திறந்து உள்ளே வந்தவள், அடுப்படி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. நாளைக்கு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார், வரைந்துகொள்கிறேன் என்றாள்.

"மூணு வருசமா அசையாமத்தான இருந்தேன். அப்ப மட்டும் அசைஞ்சிட்டேன்."

அம்மாவாசி ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஸ்டேஷனுக்குப் போன் பேச வேண்டும், தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது. முனீஸ்வரி அவரைத் தடுக்கவில்லை. தாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"கெணத்துல விழுந்ததும் அவ உடனே சாகல ஆத்தா. ரெண்டு தடவ கத்துனா. நீ அந்தக் கடைசியில மோட்டார் போட்டு மருந்தடிச்சுக்கிட்டிருந்த. மொதத் தடவ கத்துனப்ப மோட்டார நிப்பாட்டுன. எனக்குக் கேட்டுச்சு. நீ வரப்போறன்னு நான் நின்னேன்." அவள் கட்டுக்கயிற்றை விரலில் சுற்றினாள். "ரெண்டாந்தடவ அவ கத்தயில திரும்ப மோட்டாரப் போட்ட."

ஜக்கம்மா இல்லை என்று சொல்லவில்லை. டிரம்மில் குச்சியை விட்டுக் கலக்கினாள். நீலம் சுழன்றது.

"ஒன்னையக் காப்பாத்தணும்னுதான்டி போட்டேன்," என்றாள். "கண்ணன் அன்னைக்கே எறங்கி வருவான்னு நான் கண்டனா? வந்து ஜோதி எங்கன்னு கேட்டான். அச்சுக்கூடத்துல இருப்பா, போய்ப் பாருன்னு நானே அனுப்புனேன்."

அதற்கு மேல் மூன்று பேரும் பேசவில்லை. இதுவரை தான் பார்த்த மௌனங்களில் எதையும் வேல்விழி அஞ்சியதில்லை. அவளுக்கு அது வேலை செய்யும் கருவி. இந்தத் தோட்டத்தில் நிற்கும்போது, யாராவது எதையாவது சொல்லிவிட மாட்டார்களா என்று முதல் தடவையாக அவள் ஏங்கினாள். ஜக்கம்மா ஒரு மருமகளை மகளுக்காக விட்டாள். இப்போது மகளை மகனுக்காக விடுகிறாள். இரண்டு தடவையும் இவள் செய்தது ஒன்றுமே இல்லை. ஒரு தடவை மோட்டாரைப் போட்டாள், ஒரு தடவை தேனிக்கு பஸ் ஏறினாள்.

ஜீப் தடத்தில் அம்மாவாசி திரும்பி வந்து, அரை மணி நேரத்தில் வருகிறார்கள் என்றார்.

ஜக்கம்மா கையைக் கழுவினாள். நீலம் போகவில்லை. பந்தக்காலில் மாட்டியிருந்த தூக்குச்சட்டியை இறக்கி, தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். நெத்திலிக் கருவாடு. தட்டை வேல்விழியிடம் நீட்டினாள்.

"காலையிலருந்து சாப்பிடல தாயி. சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க."

மகளிடம் அவள் நேராகப் பேசவில்லை. வேல்விழி தட்டை வாங்கி முனீஸ்வரியிடம் கொடுத்தாள். முனீஸ்வரி வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் பிசைந்து சாப்பிட்டாள். தட்டு காலியாகும்போது ஜக்கம்மா சட்டியோடு குனிந்தாள். சட்டியில் இன்னும் பாதி இருந்தது.

முனீஸ்வரி தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள்.

"அண்ணனுக்கு வச்சிரு," என்றாள்.